பங்காளித் தீட்டு

பவானிபூர், கல்கத்தா
பிரமாதீச வருஷம், ஆடி மாதம்

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு, தங்கை காமு அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். கும்பகோணத்தில் நீங்களும் அநாதை ஆசிரமத்துப் பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமென்று நம்புகிறேன். மழை விடாமல் அடிக்கிறது. உலர்த்திய துணி உலருவதற்குள் அடுத்த துணி சேர்ந்துவிடுகிறது. இந்த ஊரில் ஆடி மாதம் என்றால் ஈர வேஷ்டியோடு ஆபீஸ் போகிற மாதம் என்று அர்த்தம்.

நீங்கள் அனுப்பிய கும்பேசன் பத்திரமாக வந்து சேர்ந்தான். உங்கள் மாப்பிள்ளை ஹௌரா ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தார். தகரப் பெட்டி ஒன்று, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, அவ்வளவுதான். வழியில் ஒன்றும் சாப்பிடவில்லையாம். ஏன் என்று கேட்டால், ஆசிரமத்தில் மணி அடித்தால்தான் சாப்பிடுவோம், ரயிலில் யார் மணி அடிப்பார்கள் என்று தெரியவில்லை என்றான். நான் சிரித்துவிட்டேன், பிறகு வருத்தமாகப் போய்விட்டது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தனக்குப் பசிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லையே அண்ணா. இதை உங்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது பேருக்கு ஒருவராக நீங்கள் என்னதான் செய்வீர்கள்?

என்னை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் முதல் இரண்டு நாளும் ஒன்றும் கூப்பிடாமலே ஓட்டினான். தண்ணீர் வேண்டுமென்றால் செம்புப் பக்கத்தில் வந்து நிற்பான். கடைசியில் 'மாமி' என்று முடிவாயிற்று.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருந்தீர்கள், இவனை யார் வீட்டு அடுப்படியிலும் கொண்டுபோய் விட்டுவிடாதே, முன்னால் போன பிள்ளைகள் எல்லோரும் ஓட்டலிலும் கல்யாணப் பந்தியிலும் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இவனாவது மேஜைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்று. எழுதுவது சுலபம். கல்கத்தாவில் நம்மவர்கள் வீட்டுக்கு ஒரு சமையற்காரன் தேடி அலைகிறார்கள். கீழ் வீட்டு மீனாக்ஷி இவன் வந்த மறுநாளே வந்து, குழம்பு வைப்பானா, ரசம் வைப்பானா, மடியாக இருப்பானா என்று வரிசையாகக் கேட்டாள். டைப் அடிப்பான் என்றேன். அது என்ன பக்ஷணம் என்று அவள் கேட்கவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. ஜட்ஜ் ஒருவர் ஆசிரமத்துக்குக் கொடுத்த பழைய மெஷினில் கற்றுக்கொண்டானாம். இரண்டு எழுத்து உடைந்து போன மெஷின் என்கிறான். அந்த எழுத்துகள் வரும் இடத்தில் விரல் இன்னும் தயங்குகிறது என்கிறான்.

உங்கள் மாப்பிள்ளை தம்முடைய ரயில்வே ஆபீஸில் கேட்டார், பிறகு மூன்று நான்கு கம்பெனிகளில் கேட்டார். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, பையன் யாருடைய பிள்ளை என்பதுதான். மகாமகக் கூட்டத்தில் சத்திரத்தில் தாயார் செத்துக் கிடக்க, பக்கத்தில் அழுதுகொண்டிருந்த குழந்தை என்று இவர் உண்மையைச் சொல்வார். ஐயோ பாவம் என்பார்கள். பிறகு வீட்டில் சமையலுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்கிறேன் என்பார்கள். கோத்திரம் என்ன என்று கேட்பார்கள். நீங்கள் கோத்திரம் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் வழக்கப்படி காச்யப கோத்திரம் என்று சொல்லிப் பூணூல் போட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்டதும் முகத்தைப் பார்த்து ஒரு தலையாட்டல். புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். கிளைவ் தெருவில் ஒரு தேயிலைக் கம்பெனியில் பாலசுப்ரமணிய ஐயர் என்று ஒரு ஹெட் கிளார்க் இருக்கிறார். வங்காளிகள் அவரைப் போடோபாபு, அதாவது பெரிய பாபு என்பார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிச்சயம். அவரிடம் உங்கள் மாப்பிள்ளை, கும்பேசன் தம்முடைய பங்காளி பிள்ளை, லால்குடிப் பக்கம், பாரத்வாஜ கோத்திரம் என்று சொல்லிவிட்டார். யோசனை என்னுடையதுதான். வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை முதல் போகிறான்.

உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும்,
காமு

* * *

பவானிபூர்
ஐப்பசி மாதம்

அண்ணா அவர்களுக்கு நமஸ்காரம். உங்கள் கடிதம் வந்தது. எதிர்பார்த்தபடியே திட்டியிருக்கிறீர்கள், ஆனால் எதிர்பார்த்ததைவிட இரண்டு பக்கம் அதிகம். பொய்யில் ஏற்றிவிட்ட பிள்ளை எப்போது இறங்குவான் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் காவேரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள். இங்கே வந்து ஒருநாள் அந்த ஹெட் கிளார்க்குகளின் தலையாட்டலைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கும்பேசன் நன்றாக இருக்கிறான். இரண்டு கோட்டு தைத்தாயிற்று. காளிகட் டிராமில் ஏறி எஸ்ப்ளனேடில் இறங்கி நடந்து போகிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பக்கத்து வீட்டுப் போதியின் குழந்தைகளோடு வங்காளி பேசுகிறான். போதி என்றால் வங்காளியில் அண்ணி, அதுபோல இங்கே எல்லோரையும் ஏதாவது ஓர் உறவு சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இவனுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. ஆபீஸில் மெஷின் புதிது. எல்லா எழுத்தும் இருக்கிறதாம், அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாலசுப்ரமணிய ஐயர் இவருக்கு வழியில் எதிர்ப்பட்டால், உங்கள் பங்காளி பிள்ளை தங்கம் என்கிறாராம். இவர் சிரித்துவிட்டு வேகமாக நடந்துவிடுவார். இப்போது அந்தத் தெரு வழியாகவே போவதில்லை.

ஒரே ஒரு சங்கடம். பெரியவர்களுக்கு நமஸ்காரம் பண்ணிக் கோத்திரம் சொல்ல வேண்டியிருக்கிறதல்லவா. ஹெட் கிளார்க் வீட்டுக்கு விஜயதசமிக்குப் போயிருந்தபோது நானும் கூட இருந்தேன். கையைக் காதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தவன், கோத்திரம் வரும் இடத்தில் ஒரு மூச்சு நின்றுவிட்டு, பிறகுதான் பாரத்வாஜம் என்றான். ஹெட் கிளார்க்கின் மனைவி ஜகதாம்பாள் மாமி, பிள்ளைக்குக் கூச்சம் என்றாள். திரும்பி வரும்போது டிராமில், மாமி, நான் சொல்வது யாருடைய பெரியவர்களுக்குப் போய்ச் சேரும் என்று கேட்டான். நாலு நாளில் பழகிவிடும் என்றேன்.

உங்கள் கேள்விக்கு இது பதில் இல்லை என்று எனக்கே தெரிகிறது. ஆனால் அண்ணா, அவன் சாயங்காலம் வந்து, இன்று துரை என் கடிதத்தில் ஒரு தப்புக்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லும்போது நான் எந்த வாயால் நிஜத்தைச் சொல்லிவிட்டு வா என்று அனுப்புவேன்? எனக்குத் தைரியம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஆசிரமத்துக் கணக்குப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

காமு

* * *

பவானிபூர்
மாசி மாதம்

அண்ணா அவர்களுக்கு, காமு நமஸ்காரம். தை மாதம் முழுவதும் கடிதம் போடாததற்கு மன்னிக்கவும். போட முடியாத நிலைமை. நீங்கள் கவலைப்பட்டுத் தந்தி கொடுக்காமல் இருந்தது நல்லதாயிற்று, இந்த வீட்டுக்கு ஒரு தந்தி வந்ததே போதும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தை மாதம் பாலசுப்ரமணிய ஐயரின் மூத்த பெண் சுப்புலக்ஷ்மிக்குக் கல்யாணம். இங்கே கல்யாணம் என்றால் ஊரிலிருந்து சமையற்காரர்களை வரவழைப்பது நடக்காத காரியம். வந்தவர் ஒரே ஒருவர். மற்றபடி நம்மவர்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லோரும் மடி உடுத்திக்கொண்டு தண்ணீர் சேந்துவது, காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது என்று பங்கு போட்டுக்கொள்வார்கள். கும்பேசன் முதல்நாள் மாலையே போய்விட்டான். அடுப்படிக்குப் போகக் கூடாது என்று என் அண்ணா சொல்லியிருக்கிறாரே என்று நான் கேலி செய்தேன். எல்லோரும் செய்கிற இடத்தில் நானும் செய்வது வேறே, மாமி, என்றான். சந்தோஷமாகத்தான் போனான்.

மறுநாள் காலையில் நாங்கள் புறப்படத் தயாராக இருந்தோம். நான் புடவை கூடக் கட்டிக்கொண்டாயிற்று. அப்போது லால்குடியிலிருந்து தந்தி. உங்கள் மாப்பிள்ளையின் பெரியப்பா காலமாகிவிட்டார். இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிறு வயதில் அவர்தான் இவரைப் படிக்க வைத்தவர். தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டோம். பத்து நாள் தீட்டு, கல்யாண வீட்டு வாசலை மிதிக்க முடியாது. ஜகதாம்பாள் மாமி எங்களுக்காகக் காத்திருப்பாளே என்று, கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மீனாக்ஷியிடம் மாடியிலிருந்தே சொல்லி அனுப்பினேன். லால்குடிப் பெரியப்பா போய்விட்டார், எங்களுக்குத் தீட்டு வந்துவிட்டது, வர முடியவில்லை என்று சொல்லிவிடு என்றேன்.

என்ன செய்தேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய அரைமணி ஆயிற்று. இவருக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கும்பேசன் எங்கள் பங்காளி அல்லவா? நாங்களே ஊரெல்லாம் சொன்னதல்லவா? எங்களுக்குத் தீட்டு என்றால் அவனுக்கும் தீட்டு. அவனோ விடியற்காலையிலிருந்து அந்த வீட்டுத் தண்ணீரையும் அரிசியையும் தொட்டுக்கொண்டிருக்கிறான். ஓடிப் போய்த் தடுக்கலாம் என்றால் வாசலை மிதிக்கக் கூடாது. மீனாக்ஷியோ டிராமில் ஏறிப் போய்ச் சேர்ந்திருப்பாள்.

அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் கும்பேசன் எனக்குச் சொன்னான், மறுநாள் மீனாக்ஷியும் சொன்னாள். மீனாக்ஷி போய்ச் சேதி சொன்னவுடனே ஜகதாம்பாள் மாமிக்கு முதலில் எங்கள் மேல் இரக்கம், அடுத்த நிமிஷம் கும்பேசன் ஞாபகம். அடுப்படிக்கு ஓடியிருக்கிறாள். பருப்பு வெந்துவிட்டது, சாதம் வடித்தாயிற்று, பாயசத்துக்குத் தேங்காய்ப் பால் பிழிந்து வைத்தாயிற்று. எல்லாம் அவன் சேந்திய தண்ணீர், அவன் துருவிய தேங்காய். சாஸ்திரிகளைக் கூப்பிட்டார்கள். தீட்டுக்காரன் தொட்டது அத்தனையையும் கொட்டிவிட்டு, இடத்தை அலம்பிப் புதிதாகத்தான் வைக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. புதிதாக வாங்கி வந்து சமைக்க நேரமும் இல்லை, ஆளும் இல்லை. மாமி தலையில் கைவைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாளாம்.

யாரும் கும்பேசனைத் திட்டவில்லை. அவனுக்குத் தெரியாமல் நடந்தது, பாவம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆறுதல் கூடச் சொன்னார்களாம், பெரியவர் போய்விட்டாரே என்று. அவன் பேசாமல் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வேலை இருந்திருக்கும், எங்கள் மானம் இருந்திருக்கும், வீணாகியிருப்பது அவர்கள் வீட்டுச் சாதம்தான். அண்டாவைத் தூக்க இரண்டு பேர் குனிந்தபோது அவன் ஈர வேஷ்டியோடு முன்னால் வந்து, எனக்குத் தீட்டு இல்லை, கொட்டாதீர்கள் என்றானாம். பங்காளிக்குத் தீட்டு இல்லாமல் எப்படி என்று சாஸ்திரிகள் கேட்டார். நான் அவர்களுக்குப் பங்காளி இல்லை, ஆசிரமத்துப் பிள்ளை, காச்யப கோத்திரம் என்று சொல்லியிருக்கிறான்.

அவன் என்னிடம் சொன்னது இதுவரைக்கும்தான். சொல்லிவிட்டு உங்கள் மாப்பிள்ளையிடம் போய், தூர நின்று, உங்கள் வார்த்தை என்னால் பொய்யாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றான்.

மிச்சத்தை மீனாக்ஷி சொன்னாள். ஜகதாம்பாள் மாமிக்கு நம்பிக்கை வரவில்லையாம். சாப்பாட்டைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொல்கிறான் என்று நினைத்து, நன்றாக யோசித்துச் சொல்லு, தெய்வ காரியம் என்றிருக்கிறாள். அப்போது அவன் சொன்னானாம்:

"நிஜமாத்தான் சொல்றேன் மாமி. எனக்குத் தீட்டு வராது. செத்துப்போறதுக்கு எனக்குன்னு ஒருத்தரும் இல்லை."

பிறகு சாஸ்திரிகள்தான், தீட்டு இல்லை, இலை போடலாம் என்றாராம். கல்யாணம் நடந்தது. அவனே பரிமாறினான். இரண்டு மூன்று பேர் அவன் வந்த வரிசையில் கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டி மறித்தார்களாம், போதும் என்கிற மாதிரி. அவன் அடுத்த இலைக்குப் போனானாம்.

மறுநாளிலிருந்து ஆபீஸ் இல்லை. சொல்லியனுப்பும்வரை வர வேண்டாம் என்று பாலசுப்ரமணிய ஐயர் ஆள் மூலம் சொல்லிவிட்டார். வெளி அறையில் உட்கார்ந்து மேஜை மேல் வெறும் விரலால் அடித்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் ஜகதாம்பாள் மாமி நல்ல மனதோடுதான் சொல்லி அனுப்பினாள், எங்கள் மானத்தைக் காப்பாற்றிய பிள்ளை, எங்கள் வீட்டிலேயே சமையலுக்கு இருக்கட்டும், குறைவில்லாமல் வைத்துக்கொள்கிறோம் என்று. அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பொய் சொன்னபோது மேஜையும் நாற்காலியும், நிஜம் சொன்னால் கரண்டியா? அவன் மட்டும் கோபப்படவில்லை. மாமிக்கு நமஸ்காரம் சொல்லுங்கள், நான் டைப்பிஸ்ட் வேலைக்குத்தான் காத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினான்.

தீட்டுக் கழிந்ததும் உங்கள் மாப்பிள்ளை எண்ணெய் கூட வைத்துக்கொள்ளாமல் நேரே பாலசுப்ரமணிய ஐயர் வீட்டுக்குப் போனார். பொய் சொன்னது நான், பையன் இல்லை, எந்தத் தண்டனையானாலும் எனக்குக் கொடுங்கள், நாலு பேர் நடுவில் வேண்டுமானாலும் சொல்லுகிறேன் என்றாராம். பாலசுப்ரமணிய ஐயர் வெற்றிலையை நீவி மடித்துப் போட்டுக்கொண்டாராம். பிறகு சொன்னாராம், முதலிலேயே உள்ளதைச் சொல்லியிருந்தால் நான் அவனை எடுத்திருக்க மாட்டேன், அது எனக்கே தெரிகிறது, அதனால் உங்கள்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, ஆறு மாதம் அவன் வேலையைப் பார்த்துவிட்டேன், பார்க்காத மாதிரி இனி எப்படி இருப்பது என்று. உங்களோடு பேச்சு வைத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆகும், பையனைத் திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள் என்று முடித்துவிட்டாராம். இவர் தெருவில் நின்று அழுதுவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது, டிராம் தூசி என்றார்.

இப்போது போய் வருகிறான். ஆபீஸில் நம்மவர்களில் இருவர் அவனோடு உட்கார்ந்து டிபன் சாப்பிடுவதில்லை. வங்காளிப் பையன்கள் சாப்பிடுகிறார்கள். யாராவது கேட்டால் ஆசிரமத்துப் பிள்ளை, காச்யப கோத்திரம் என்று உடனே சொல்லிவிடுகிறான். அந்த ஒரு மூச்சுத் தயக்கம் இப்போது இல்லை.

அடுத்த பிள்ளை தயாராக இருக்கிறான், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள். இந்தத் தடவை உள்ளதைச் சொல்லியே கேட்போம். கும்பேசனைக் காட்டிக் கேட்போம். எத்தனை கதவு சாத்துகிறதோ சாத்தட்டும். நீங்கள் சொன்னதுதான் சரி என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் வழியில் போயிருந்தால் இவன் இன்று யார் வீட்டிலோ ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருப்பான். என் வழியில் போனதில் எல்லோர் முன்னாலும் நின்று அப்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டி வந்தது. எது மேல் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

கடைசியாக ஒரு காரியம். பாலசுப்ரமணிய ஐயர் உங்களிடமிருந்து ஒரு கடிதம் கேட்கிறார். கம்பெனி துரைக்குக் காட்ட வேண்டுமாம். உள்ளபடியே எழுதுங்கள், சத்திரம், தாயார், ஆசிரமம், படிப்பு எல்லாவற்றையும். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். அவனுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால், ஒன்று நேர்ந்தால், யாருக்குச் சொல்லியனுப்புவது என்று ஒரு பெயர் வேண்டுமாம். முன்பு கம்பெனிப் பதிவில் அந்த இடத்தில் உங்கள் மாப்பிள்ளை பெயர் இருந்தது, பங்காளி என்று. அதை அடித்துவிட்டார்கள்.

அவன் அன்று சொன்னது நிஜம்தான் அண்ணா. பொய்யென்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் அந்த வார்த்தையை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. மீனாக்ஷி சொன்னது எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. என் காதில் விழக் கூடாது என்றுதான் அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்லியிருக்கிறான். அதை நினைத்தால்தான் இன்னும் தாங்கவில்லை.

ஆகவே நீங்கள் அவனுக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள். பவானிபூர் காமாக்ஷி என்று என் பெயரை அந்த இடத்தில் போடலாமா என்று. உறவு எதுவும் போட வேண்டாம், பெயர் போதும். நான் கேட்டால் என் முகத்துக்காகச் சரி என்றுவிடுவான், அது எனக்கு வேண்டாம். வேண்டாம் என்று அவன் எழுதினால் ஆசிரமத்து விலாசத்தையே போட்டுவிடுங்கள், அதைப் பற்றி எனக்கு ஒரு வரியும் எழுத வேண்டாம். சரி என்று எழுதினால் மட்டும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அவன் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். எனக்கு முன்னால் அவனுக்கு ஒன்றும் வரக் கூடாது. காளிகட் கோவிலில் தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இங்கே தபால்காரன் பதினோரு மணிக்கு வருவான், நான் வாசலில்தான் இருப்பேன்.

உங்கள் தங்கை,
காமு